மடிப்புக் கோடு

தப்பு என்னுடையது. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பத்திரிகை ஆபீஸில் பிழை திருத்துகிற எங்களுக்கு, ஊரார் பிழையைச் சிவப்பு மையில் சுழிப்பதும், நம் பிழையைக் கடைசிப் பக்கத்து மூலையில் கட்டம் கட்டிப் பொடி எழுத்தில் போடுவதும்தான் வழக்கம். இந்த ஒரு தடவையாவது அது மேலே வரட்டும்.

நான் மாடியில் குடியிருக்கிறேன். கீழ்வீட்டில் மாஸ்டரும் அவர் மனைவியும். தையல் தொழிலில் மாஸ்டர் என்றால் துணி வெட்டுகிறவர் என்று அர்த்தம். எங்கள் கீழ்வீட்டில் துணி வெட்டுவது அந்தம்மா. மாஸ்டர் பட்டம் மட்டும் புருஷனுக்கு. அவர் பள்ளிக்கூடத்து டிராயிங் மாஸ்டர். அவளைத் தெருவில் கட்டிங்கம்மா என்பார்கள். பள்ளிச் சீருடை தைக்கிற ஒரு பட்டறையில் பதினாறு வருஷமாக வெட்டுமேசை அவள் வசம். பத்துப் பத்துத் துணியாக அடுக்கி, மேலே பிரவுன் பேப்பர் வைத்து, கத்தரியைப் போட்டாளென்றால் நடுவில் எடுக்கமாட்டாள். சாயங்காலம் வீட்டுக்கு வரும்போது தலைமுடியெல்லாம் பஞ்சுத் தூசியாக இருக்கும். "இப்பவே நரைச்சுட்டியா?" என்று நான் மாடிப்படியிலிருந்து கேட்பேன். "உங்களுக்குத் துணையா இருக்கட்டும்னுதான்க்கா" என்பாள். என்னைவிட ஆறு வயது இளையவள். நாக்கு மட்டும் என்னைவிட மூத்தது.

அந்தக் கத்தரி அவள் கட்டைவிரலைத் தின்றுகொண்டிருந்தது. விரலின் அடிமூட்டு வீங்கி, காலையில் டம்ளரைப் பிடிக்க முடியாது. மாஸ்டர்தான் டீயை ஆற்றிக் கையில் கொடுப்பார். மூன்று மாதம் கத்தரியைத் தொடக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். "கத்தரியைத் தொடாம கட்டிங், தண்ணியில இறங்காம நீச்சல்" என்று சொல்லிவிட்டு மறுநாளும் வேலைக்குப் போனாள்.

போகாமல் என்ன செய்வது? மாஸ்டருக்குப் பகுதிநேர வேலை. வாரத்தில் மூன்று நாள். எட்டு வருஷமாக அதே மூன்று நாள். பள்ளிக்கூடத்தில் மற்ற வாத்தியார்கள் அவரை 'அரை சார்' என்று கூப்பிடுவார்கள். அவரும் சிரித்துக்கொண்டே திரும்புவார். அப்படித் திரும்புவது எனக்குப் பிடிக்காது. ஆனால் அந்த மனிதருக்குக் கோபம் என்ற ஒன்றை யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. பரீட்சை நேரத்தில் கணக்கு வாத்தியார் அவருடைய வகுப்பைப் பிடுங்கிக்கொண்டால், வராந்தாவில் நின்று பிள்ளைகளின் பென்சிலைச் சீவிக் கொடுத்துக்கொண்டிருப்பார்.

இந்த வருஷம் அவரை முழுநேரம் ஆக்குவதாகப் பேச்சு. உத்தரவு தட்டச்சாகித் தாளாளரின் மேசையில் இருந்தது, கையெழுத்துதான் பாக்கி. அது வந்த அன்றே கட்டிங்கம்மா மூன்று மாத லீவு எழுதிக் கொடுப்பதாக ஏற்பாடு. ஒரு கையெழுத்துக்காக ஒரு கட்டைவிரல் காத்துக்கொண்டிருந்தது.

அந்த நேரத்தில்தான் மழை பிடித்துக்கொண்டது. பட்டறைக்குள் முழங்கால் தண்ணீர். துணிக்கட்டுகளை மேலே ஏற்றிவிட்டு மூன்று நாள் லீவு விட்டுவிட்டார்கள். நான் அப்போது தங்கை வீட்டுக்குப் போயிருந்தேன். அதனால் இந்த இடம் மட்டும் நான் பார்த்ததில்லை. புருஷனும் பெண்டாட்டியும் ஆளுக்கொரு விதமாகச் சொன்னதைச் சேர்த்து நான் தைத்தது.

ஊர் நூலகத்தில் ஒரு படக் கண்காட்சி வைத்திருந்தார்கள். 'வீட்டில் ஒருவர்' என்று பெயர். இதுவரை படமே வரையாதவர்கள், தங்கள் வீட்டில் இருக்கும் ஒருவரை வரைந்து தர வேண்டும். விளம்பரம் எழுதி ஒட்டியதே மாஸ்டர்தான். சும்மா உட்காரத் தெரியாத கட்டிங்கம்மா, மூன்றாம் நாள் மத்தியானம் பிரவுன் பேப்பர் சுருளை விரித்து நான்கு மூலையிலும் டம்ளரை வைத்தாள்.

"என்னங்க, இப்படி வெளிச்சத்துல வந்து உக்காருங்க. அளவு எடுக்கணும்."

"படம் வரையறதுக்கு அளவு எதுக்கும்மா? கண்ணாலே பாத்து வரை."

"கண்ணை நம்பி வெட்டினா துணிதான் வீணாப் போகும். தலையை ஆட்டாதீங்க."

டேப்பை எடுத்து நெற்றி நடுவிலிருந்து வலது காது வரைக்கும் பிடித்தாள். பிறகு இடது காது. மூக்கு நுனியிலிருந்து தாடை, இந்தப் பக்கம், அந்தப் பக்கம். கழுத்துக் குழியிலிருந்து தோள் நுனி, இந்தப் பக்கம், அந்தப் பக்கம். மாஸ்டருக்குக் கூச்சம்.

"கிச்சு கிச்சு மூட்டாதே."

"ஊர்ல இருக்கிற பிள்ளைங்களையெல்லாம் அசையாம உக்காரச் சொல்றீங்க இல்ல? இப்ப தெரியுதா?"

"என்னை இதுவரைக்கும் யாரும் வரைஞ்சதில்ல."

"தெரியும். அதான் வரையறேன். பேசாதீங்க, மீசை ஆடுது."

ஒரு மணி நேரம். டீ ஆறி ஆடை படிந்துவிட்டது. முடித்துவிட்டுப் பேப்பரைத் திருப்பிக் காட்டினாள். மாஸ்டர் பார்த்தார். பார்த்துவிட்டுச் சிரித்த சிரிப்பில் மூலையில் வைத்த டம்ளர் ஒன்று உருண்டு போனது.

படத்தில் அவர் பாதிதான் இருந்தார். பேப்பரின் இடது ஓரத்தோடு ஒட்டிப் பாதி நெற்றி, ஒரு கண், பாதி மூக்கு, பாதி மீசை, ஒரு காது, அதில் செருகிய பென்சில், ஒரு தோள், ஒரு கை. விரலிடுக்கில் சாக்பீஸ். ஓரத்தில் மேலிருந்து கீழாக 'மடிப்பு' என்று எழுதியிருந்தாள். தோள் கோட்டுக்கு வெளியே '½'.

துணி வெட்டுகிறவர்கள் அப்படித்தான் வரைவார்கள். துணியை இரண்டாக மடித்து, மடிப்பின் மேல் பேப்பரின் ஓரத்தைச் சேர்த்து வைத்து வெட்டுவார்கள். பிரித்தால் முழு உடம்பு வந்துவிடும். எந்த ஓரம் மடிப்பில் உட்கார வேண்டும் என்பது மறக்காமலிருக்க 'மடிப்பு' என்று எழுதிவைப்பது. அரை என்பது தையலுக்காக விடுகிற அரை இன்ச்.

"மறுபாதி எங்கம்மா?"

அவளுக்கு முகம் சிவந்துவிட்டது. "ஐயோ, கைப் பழக்கம். கை அப்படியே போயிடுச்சு. கொடுங்க, கிழிச்சுப் போடறேன்."

"தொடாதே!" மாஸ்டர் படத்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டாராம். "முப்பது வருஷமா கோடு போடறேன். இப்படி ஒரு கோடு எனக்கு வராது. தயங்காம போயிருக்கு பாரு." மழையோடு மழையாகக் குடைக்குள் சுருட்டி அவரே கொண்டுபோய் நூலகத்தில் கொடுத்துவிட்டு வந்தார்.

நான் திரும்பி வந்தபோது படம் சுவரில் ஏறிவிட்டது. "பாதி மனுஷனை மாட்டி வெச்சிருக்காங்கக்கா, போய்ப் பாருங்க" என்றாள். பார்க்கிறேன் என்றேன். பத்திரிகையில் அந்த வாரம் வேலை கழுத்தை நெரித்தது. போகவில்லை.

அதற்குள் எங்கள் பத்திரிகையின் கலை விமர்சகர் போய்விட்டார். அவர் ஓய்வு பெற்ற பேராசிரியர். நல்ல மனிதர்தான், ஆனால் காக்கை கரைந்தாலும் அதில் ஒரு சமூக விமர்சனம் இருக்கும் அவருக்கு. கண்காட்சி பற்றி ஒன்றரைப் பக்கம் எழுதியிருந்தார். அச்சுக்கோத்த தாள் என் மேசைக்கு வந்தது. கடைசிப் பத்தி இப்படி இருந்தது:

'ஒரு பகுதிநேர ஓவிய ஆசிரியரை அவர் மனைவி வரைந்திருக்கிறார். அரை முகம். அரை உடல். ஓரத்தில் ஒரே ஒரு சொல்: மடிப்பு. தோளருகே ஓர் எண்: ½. கலைஞனுக்கு இந்தச் சமூகம் தருவது இவ்வளவுதான் என்று இதைவிடச் சுருக்கமாக யாராலும் சொல்ல முடியாது. மறுபாதி எங்கே என்று அந்த ஒற்றைக் கண் நம்மைத்தான் கேட்கிறது.'

நம் கீழ்வீட்டுக்காரி! எனக்குத் தலைகால் புரியவில்லை. இன்னொரு முறை ஆசையோடு படித்தேன். படிக்கும்போது 'மடிப்பு' உறுத்தியது. மடிப்பாவது? மேலே பகுதிநேரம், கீழே சமூகம் தருவது இவ்வளவு, நடுவில் எதற்கு மடிப்பு? 'மதிப்பு' என்று இருக்க வேண்டும், அச்சுக்கோக்கிறவர் தூங்கிவிட்டார். 'டி'யைச் சுழித்து ஓரத்தில் 'தி' போட்டேன். கையெழுத்துப் பிரதியோடு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும் என்பது எங்கள் தொழிலின் அரிச்சுவடி. சந்தோஷத்தில் அதை விட்டுவிட்டேன். பிழை கண்டுபிடித்த பெருமையோடு தாளை அனுப்பினேன். பத்திரிகை ஆசிரியர் அந்த வரியையே தலைப்பாக எடுத்துக்கொண்டார். ஞாயிற்றுக்கிழமை கொட்டை எழுத்தில் வந்தது: 'மதிப்பு: ½'.

சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்தது நான்தான்.

புதன்கிழமை மத்தியானமே மாஸ்டர் வீட்டுக்கு வந்துவிட்டார். குடை கையில் இருந்தது; ஆள் நனைந்திருந்தார். பட்டறையில் மறுபடி தண்ணீர் ஏறி மறுபடியும் லீவு; கட்டிங்கம்மா வெதுவெதுப்பான உப்புத்தண்ணீரில் கட்டைவிரலை ஊறவைத்துக்கொண்டிருந்தாள். எனக்கு அன்று வார விடுமுறை, பக்கத்தில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தேன்.

"குடையை விரிச்சா அது நனைஞ்சுடும்னு பயமா?" என்றாள்.

அவர் சிரிக்கவில்லை. முட்டியில் கையை ஊன்றி நாற்காலியில் உட்கார்ந்தார். "தாளாளர் கூப்பிட்டாரும்மா."

"கையெழுத்துப் போட்டுட்டாரா?"

"பத்திரிகையை மேசையில விரிச்சு வெச்சிருந்தார். 'உமக்கு நாங்க பாதிதான் மதிப்புக் கொடுக்கறோம்னு ஊரு பூரா தமுக்கடிச்சிருக்கீரே'ன்னு கேட்டார்."

"மதிப்பா?" அவள் விரலைத் தண்ணீரிலிருந்து எடுத்தாள். "யாரு மதிப்புன்னு எழுதினா? நான் மடிப்புன்னுதானே எழுதினேன்! பேப்பர்ல அப்படியா வந்திருக்கு?"

அவர்கள் வீட்டில் பத்திரிகை வாங்குவதில்லை; படத்தைப் பற்றி வந்திருக்கிறது என்று நான் வாயால் சொன்னதோடு சரி. மாஸ்டர் சட்டைப்பையிலிருந்து நனைந்த பக்கத்தை எடுத்து வாசித்தார். அவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். ஒற்றைக் கண் கேட்கிறது என்ற இடத்தில் உப்புத்தண்ணீரே சிந்திவிட்டது.

"அந்தக் கண்ணு ஒண்ணும் கேக்கலைங்க. டீ ஆறிப்போச்சேன்னு பாத்துட்டிருந்தது!"

"சிரிக்காதேம்மா. திங்கட்கிழமைக்குள்ள லெட்டர் கேட்டிருக்கார். படத்துக்கு ஒரு பொருளும் கிடையாது, தெரியாம வரைஞ்சதுன்னு. நீ கையெழுத்துப் போட்டுக் கொடுத்தா உத்தரவுல அவர் கையெழுத்துப் போடுவாராம். இல்லேன்னா ஃபைலைக் கட்டி வெச்சிடுவாராம்."

அவள் சிரிப்பு அப்படியே நின்றது. வீங்கிய விரலைத் துண்டால் துடைத்தாள். நான் ஒரே கீரைத் தண்டை மூன்றாவது தடவையாக ஆய்ந்துகொண்டிருந்தேன்.

அன்றைக்கே சொல்லியிருக்கலாம். வாய் வரவில்லை. ஒருவேளை பேராசிரியரே அப்படித்தான் எழுதியிருப்பாரோ என்று ஒரு நப்பாசை. மறுநாள் ஆபீஸில் பழைய பிரதிகளைக் கட்டி வைத்திருக்கும் அலமாரியைக் குடைந்தேன். பேராசிரியரின் கையெழுத்து முத்து முத்தானது. 'மடிப்பு' என்று இருந்தது. கீழே ஒரு கோடு வேறு போட்டிருந்தார், தவறாமல் அப்படியே அச்சாக வேண்டும் என்று.

அங்கிருந்து நேரே நூலகத்துக்குப் போனேன். படத்தின் முன்னால் நின்றேன். பேராசிரியர் சொன்னதையெல்லாம் மறந்துவிட்டுப் பார்த்தால், அது மாஸ்டர்தான். பிள்ளை தப்பாகப் போட்ட கோட்டைக்கூட 'நல்லாத்தான் இருக்கு' என்று பார்ப்பாரே, அந்தக் கண். எனக்கு அழுகை வந்துவிட்டது. இவ்வளவு அன்பாக ஒரு மனிதனை ஒருத்தி பார்த்திருக்கிறாள்; நான் அதன் மேல் சிவப்பு மை கொட்டியிருக்கிறேன்.

சனிக்கிழமை மூன்று பேரும் கீழ்வீட்டில் சாப்பிட உட்கார்ந்தோம். சோறு, கீரை, ஆளுக்கொரு அவித்த முட்டை. முதல் கவளத்துக்கு முன்னால் சொல்லிவிட்டேன். பிரதியையும் எடுத்துத் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தேன்.

மாஸ்டர் என்னைப் பார்த்து, "அதனால என்னக்கா, எழுத்துன்னா தப்பு வரத்தான் செய்யும்" என்றார். அதைக் கேட்டு இன்னும் அவமானமாக இருந்தது.

கட்டிங்கம்மா அப்படியெல்லாம் விடுகிறவள் இல்லை. "ஏங்க்கா, நான் 'டி' போட்டா நீங்க 'தி' போடுவீங்களா? அது பேனாவா, கத்தரியா? நான்கூட கோட்டை விட்டு இவ்வளவு தள்ளி வெட்டினதில்லையே!"

"திட்டு. நல்லாத் திட்டு."

"திட்டறதுக்கு என்ன, நாளைக்கும் மாடியிலதானே இருப்பீங்க. முட்டையைச் சாப்பிடுங்க."

மாஸ்டருக்கு முகம் தெளிந்துவிட்டது. "நல்லதாப் போச்சு. பத்திரிகையில திருத்தம் போட்டுடுவாங்க. நாம லெட்டரையும் கொடுத்துட்டா முடிஞ்சது." சட்டைப்பையிலிருந்து ஒரு தாளை எடுத்தார். ஏற்கெனவே எழுதி வைத்திருந்தார். டிராயிங் மாஸ்டர் எழுத்து, வரி வரியாக அழகாக இருந்தது. "இங்க ஒரு கையெழுத்து."

அவள் இடது கையால் வாங்கிப் படித்தாள். சத்தமாகவே படித்தாள். "'எனக்கு ஓவியம் தெரியாது. தொழில் பழக்கத்தால் தவறுதலாகப் பாதி வரைந்துவிட்டேன். இந்தப் படத்துக்கு எந்தப் பொருளும் இல்லை.'" தாளைத் தட்டின் மறுபக்கம் வைத்தாள். சோற்றைப் பிசைந்தாள். பிசைந்துகொண்டே இருந்தாள்.

"என்னம்மா?"

"தவறுதலான்னு போட்டிருக்கீங்க."

"நீதானே கைப் பழக்கம்னு சொன்னே?"

"நீங்க சிரிச்சீங்க. வெக்கமாப் போச்சு. சொல்லிட்டேன்." தலையை நிமிர்த்தினாள். "எதையும் பாதி வரைஞ்சுட முடியாதுங்க. ரெண்டு பக்கமும் ஒண்ணா இருக்கான்னு அளந்து பாக்கணும். ஒரு தோள் இறக்கமா இருந்தா மடிப்புப் போட முடியாது, முழுசாத்தான் வரையணும். உங்களை நான் ரெண்டு பக்கமும் அளந்தேன். எந்தப் பக்கம் பாத்தாலும் நீங்க ஒரே ஆளு. வீட்டுல ஒண்ணு, வெளியில ஒண்ணு கிடையாது. அதனாலதான் மடிப்புன்னு எழுதினேன். அதுக்குப் பொருள் இல்லேன்னு நான் எப்படிக் கையெழுத்துப் போடறது?"

மாஸ்டர் முட்டையைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே இருந்தார்.

"உன் விரலைப் பாரும்மா" என்றார் கடைசியில். "எனக்காகவா கேக்கறேன்? எனக்கு அரை சார்னா என்ன, கால் சார்னா என்ன? மூணு மாசம் நீ கத்தரியைத் தொடாம இருக்கணும். ஒரு வரிதானே? பொய்தான், தெரியும். போட்டுக் கொடுத்துடேன்."

"விரல் என்னுது."

"எனக்கும்தான் வலிக்குது."

அவள் இடது கையால் அவர் தட்டில் இன்னும் கொஞ்சம் கீரையை வைத்தாள். தட்டைப் பார்த்துக்கொண்டே சாப்பிட்டு முடித்தோம். அந்த வீட்டில் பேச்சில்லாமல் நடந்த சாப்பாடு, எனக்குத் தெரிந்து, அது ஒன்றுதான்.

திங்கட்கிழமை மூன்று பேரும் போனோம். சாட்சிக்கு நான், கையில் பேராசிரியரின் பிரதியோடு. தாளாளர் அறையில் கண்ணாடி போட்ட பெரிய மேசை. அவர் கெட்டவர் இல்லை. பள்ளிக்கூடத்துப் பெயருக்கு ஒன்று வந்துவிட்டால் கமிட்டியில் பத்துப் பேருக்குப் பதில் சொல்ல வேண்டியவர். எங்களை உட்காரச் சொன்னார். நான் நடந்ததைச் சொன்னேன். பிரதியைப் பார்த்தார்.

"ஒரு எழுத்தால இவ்வளவா?" என்று என்னைப் பார்த்த பார்வையில் நான் நாற்காலிக்குள் போய்விட்டேன். "சரி. மடிப்போ மதிப்போ, ஊரு படிச்சது படிச்சதுதான். லெட்டர் எங்கே?"

மாஸ்டர் சட்டைப்பையில் கை வைப்பதற்குள் கட்டிங்கம்மா தன்னுடைய தாளை நீட்டிவிட்டாள். அதுவும் பிரவுன் பேப்பர்தான். கட்டைவிரல் மடங்காததால் எழுத்து கோணல்மாணலாக இருந்தது. தாளாளர் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு வாசித்தார்.

'ஐயா, நான் வரைந்தது பாதி இல்லை. மடிப்பு. பிரித்தால் முழு ஆள். அரை என்பது தையலுக்கு விட்ட இடம். ஆள் வளர்ந்தால் தையலைப் பிரித்து விடுவதற்கு அது வேண்டும். படத்துக்குப் பொருள் உண்டு. அது எங்கள் வீட்டுப் பொருள். பள்ளிக்கூடத்தைப் பற்றி நான் எதுவும் வரையவில்லை. வரைய வேண்டியிருந்தால் தனியாக வரைவேன்.'

நான் திருத்தித் தருகிறேன் என்று கேட்டிருந்தேன். 'நீங்க பேனாவைத் தொடவே வேணாம்' என்று சொல்லிவிட்டாள்.

தாளாளர் இரண்டு தடவை படித்தார். உதடு லேசாகத் துடித்தது. சிரிப்பா, கோபமா தெரியவில்லை. "தனியா வரைவீங்களா? என்னை வரைஞ்சா இப்படித்தான் பாதி வரைவீங்களா?"

கட்டிங்கம்மா அவரை மேலும் கீழும் பார்த்தாள். தொழில்காரி பார்வை. "முடியாதுங்க சார். உங்களுக்கு வலது தோள் இறக்கம். முழுசாத்தான் வரையணும்."

மாஸ்டருக்கு இருமல் வந்துவிட்டது. தாளாளரின் கை தன்னையறியாமல் வலது தோளைத் தொட்டது. வெளியே பிள்ளைகள் வாய்ப்பாடு சொல்லும் சத்தம் மட்டும் கேட்டது.

"நான் ஒத்துப்பேன். கமிட்டி ஒத்துக்காது" என்றார் கொஞ்சம் இறங்கிய குரலில். உத்தரவு இருந்த ஃபைலைத் திறந்து பேனாவையும் பக்கத்தில் வைத்தார். "இந்த லெட்டர் வேணாம். பொருள் இல்லைன்னு ஒரு வரி. மாஸ்டர், நீங்களாவது சொல்லுங்க."

மாஸ்டர் சட்டைப்பையிலிருந்து தான் எழுதிய தாளை எடுத்தார். அவளும் அதைப் பார்த்தாள். வேண்டாம் என்று சொல்லவில்லை. வலது கையை மடியில் வைத்து இடது கையால் மூடிக்கொண்டிருந்தாள். மாஸ்டர் அந்தக் கையைப் பார்த்தார், பேனாவைப் பார்த்தார். பிறகு தாளை நான்காகக் கிழித்து, துண்டுகளை மேசை மேல் போடக்கூடக் கூச்சப்பட்டுக்கொண்டு, தன் பையிலேயே திரும்பப் போட்டார்.

"என்னை ஒருத்தர் அளந்து பாத்திருக்காங்க சார்" என்றார். "அது தப்புன்னு நான் எழுத மாட்டேன்."

எட்டு வருஷத்தில் அந்த அறையில் அவர் 'மாட்டேன்' என்று சொன்னது அதுதான் முதல் தடவையாக இருக்க வேண்டும். தாளாளர் ஃபைலை மூடினார். "அப்ப இந்த வருஷம் இல்லை" என்றார். சத்தம் போடவில்லை. வருத்தத்தோடுதான் சொன்னார் என்று எனக்குப் பட்டது.

திரும்பும்போது தூறல். ஒரே குடைக்குள் அவர்கள் இரண்டு பேர், பின்னால் நான். பஸ் நிறுத்தத்துக்குப் போனதும் அவள் மெதுவாகக் கேட்டாள்.

"என் மேல கோபமா?"

"இருக்கு."

"எதுக்கு?"

"கல்யாணமாகிப் பதினெட்டு வருஷம். இத்தனை நாளும் அளக்காமலே வெச்சிருந்தியே, அதுக்கு."

அவள் குடைக் கம்பியால் அவர் தலையில் ஒரு இடி இடித்தாள். நடுரோட்டில், பள்ளிக்கூடத்து வாத்தியாரை!

அடுத்த ஞாயிறு எங்கள் பத்திரிகையில் திருத்தம் வந்தது. நான்கு வரி, பொடி எழுத்து, கடைசிப் பக்கம். நானே எழுதி, ஏழு தடவை சரிபார்த்தேன். ஊரில் ஒருத்தரும் படிக்கவில்லை. இன்றைக்கும் அந்தப் படத்தின் பேர் 'மதிப்பு' என்றுதான் பேசிக்கொள்கிறார்கள்.

உத்தரவு வரவில்லை. விரல் அப்படியே இருந்தது. பட்டறைத் தண்ணீர் வடிந்து, சீருடை ஆர்டர் மலையாகக் குவிந்திருந்தது. மாஸ்டர் பட்டறை முதலாளியிடம் போய் என்ன பேசினாரோ தெரியாது. பள்ளிக்கூடம் இல்லாத ஒரு நாள் காலையில் துணிக்கட்டு கீழ்வீட்டுக்கே வந்து இறங்கியது. முன்னறையில் கட்டிலைத் தூக்கி நிமிர்த்திவிட்டு மேசையைப் போட்டார்கள். சத்தம் கேட்டு நான் இறங்கி வந்தேன். மாஸ்டர் கையில் பெரிய கத்தரி. அவள் கையில் சாக்பீஸ்.

"நான் கோடு போடறேன். நீங்க வெட்டறீங்க. அவ்வளவுதான்" என்றாள். "வாரத்துல உங்களுக்குத்தான் பாதி நாள் சும்மா கிடக்குதே."

"முப்பது வருஷமா கோடு போட்டது நானு. கடைசியில கோடு உனக்கு, கத்தரி எனக்கா?"

"பேசாம வெட்டுங்க. சோதனைக்கு ஒரே ஒரு துணிதான் போட்டிருக்கேன். கோட்டு மேலயே போகணும். மடிப்புப் பக்கம் மட்டும் கத்தரி போகக் கூடாது."

அவர் மூச்சைப் பிடித்துக்கொண்டு வெட்டினார். நாக்கு நுனி வெளியே வந்திருந்தது. கழுத்து வளைவில் கத்தரி தயங்கி, ஒரு நகக்கண் அளவுக்குக் கோட்டை விட்டு உள்ளே போய்விட்டது. அவருக்குத் தெரிந்துவிட்டது. கத்தரியை வைத்துவிட்டு, பரீட்சையில் மாட்டிக்கொண்ட பிள்ளை மாதிரி அவள் முகத்தைப் பார்த்தார்.

"போச்சா?"

அவள் துணியைப் பிரித்து வெளிச்சத்தில் உயர்த்திப் பிடித்தாள். சின்னப் பெண் ஒருத்தியின் கவுனுக்கு முன்பக்கம், முழுசாக விரிந்தது. கழுத்தில் அந்தக் கோணல் இருந்தது. இந்தப் பக்கம் எவ்வளவோ, அந்தப் பக்கமும் அவ்வளவே.

"போகலைங்க" என்றாள். "மடிச்சு வெட்டறதுல அதுதான் சௌகரியம். தப்பு பண்ணினாலும் ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி விழும். போட்டுக்கிட்டா தெரியாது." துணியை ஓரமாக வைத்துவிட்டு அடுத்ததை மடித்துப் போட்டாள். "வெட்டுங்க."